கழுதை நக்கிய பம்பர்

பஸ்ரியனுடைய லொறியை நீங்கள் கண்டிருக்காவிட்டாலும் மூக்கால் மணந்திருப்பீர்கள். விடிய ஐந்து மணிக்கு மன்னார்த் தீவில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டால், பாலம் தாண்டித் தள்ளாடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் இன்றைக்குக் கடலில் என்ன பட்டது என்று தெரிந்துவிடும். பதினாறு வருடமாக உப்புக்காற்றும் ஐஸ் தண்ணியும் குடித்த லொறி. முன் பம்பரில் பாதி இரும்பு, பாதி துருவேறிய கறள். ஏறும் படியில் கால் வைக்கும்போது பஸ்ரியன் சிலுவை போட்டுக்கொள்வான். அது பக்தியா பயமா என்று நான் கேட்டதில்லை.

நான் அவன் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிறவன். அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியில் முப்பத்தொரு வருடம் குந்தியிருந்துவிட்டுப் பென்சனில் வந்தவன். ஊருக்கு நான் கிளாக்கர். ஆங்கிலத்தில் எழுதியது எது வந்தாலும், மருந்துப் போத்தலோ விசாக் கடிதமோ, என்னிடம்தான் வரும். உண்மையில் என்னுடைய ஆங்கிலம் கச்சேரி ஆங்கிலம். "உங்கள் கடிதம் தொடர்பாக" என்று தொடங்காத எதையும் வாசிக்க எனக்கு உள்ளூர நடுக்கம். அதை வெளியே சொல்வதில்லை. ஒருவனுக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதையை அவனே கெடுக்கக்கூடாது.

என் மனுசி பேரப்பிள்ளை பார்க்க யாழ்ப்பாணம் போய் ஏழு மாதமாகிறது. அதனால் காலைத் தேத்தண்ணிக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்கும் நான் பஸ்ரியன் வீட்டில்தான். என் வீட்டுக் குசினியில் பைப் தண்ணி வருகிறது, கேத்தலும் இருக்கிறது. ஆனால் பஸ்ரியன் மனுசி றஞ்சிதம் ஊற்றும் தேத்தண்ணியில் ஒரு தனி ருசி உண்டு. அது என்ன ருசி என்று அந்தக் கிழமைவரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் கிழமை என்றால் மாசி மாதத்து இரண்டாம் வாரம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ்ரியனின் போன் அடித்தது. புது நம்பர். அவன் காதில் வைத்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினான். பிறகு மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதையாய் இறக்கிவிட்டான். அப்போதே எனக்கு விளங்கியது, இது லேசான ஆள் இல்லை என்று.

"ஓம் ஐயா... ஓம்... ஓம், வருந்தானே... ஓம் ஐயா, நாங்களே வாறம்."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். "கீர்த்தியின்ர தேப்பன்" என்றான்.

கீர்த்திகா அவனுடைய மருமகள். கட்டுக்கரைக் குளத்தடியில் வயல்காரக் குடும்பம், சைவம். பஸ்ரியனின் மகன் றெனால்ட் மன்னார்க் கணினி வகுப்பில் அவளைக் கண்டு, மூன்று வருடம் கதைத்து, எட்டு மாதத்துக்கு முன் கல்யாண எழுத்து முடித்துக் கூட்டி வந்துவிட்டான். அன்றிலிருந்து அவளுடைய தகப்பன் சீவரத்தினம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தாய் சிவலட்சுமி மட்டும் கோயிலுக்குப் போகிற சாட்டில் கள்ளமாகப் போன் எடுப்பா.

"அப்பா என்னவாம்?" என்று கீர்த்திகா குசினி வாசலில் நின்று கேட்டாள். கையில் தேங்காய்ப் பாதி.

"வெட்டு முடிஞ்சுதாம். வீட்டு நெல்லு பதினெட்டு மூட்டை மில்லுக்கு ஏத்த வேணுமாம். லொறி கிடைக்கேல்லையாம். எங்கட லொறி வருமோ எண்டு கேக்கிறார். வாற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு."

"அந்த ஊரில லொறி இல்லையாமோ?" என்றேன் நான். "வீட்டுக்கு வீடு ட்றக்டர் நிக்கிற ஊரப்பா அது."

"கிளாக்கரண்ணை, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றா றஞ்சிதம். கீர்த்திகா தேங்காயோடு உள்ளே போனாள். திருவுகிற சத்தம் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

பஸ்ரியன் முற்றத்துக்கு இறங்கி லொறியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பம்பரில் விரலை வைத்தான். விரல் உள்ளே போனது.

"இதை எப்பிடியடா அந்த மனிசன்ர வாசலில கொண்டுபோய் நிப்பாட்டுறது" என்றான். "பிள்ளையைக் கறளுக்குள்ள குடுத்திட்டன் எண்டெல்லோ நினைப்பார்."

"ஏன் அப்பா, லொறி எண்டா லொறிதானே" என்றான் றெனால்ட்.

"எட்டு மாசத்துக்குப் பிறகு முதல்முதல் கேக்கிறார். அவர் கேட்டது லொறியை. அப்ப அவர் பாக்கிறதும் லொறியைத்தான்."

றெனால்ட் போனை எடுத்தான். அவனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் போனில் ஒரு வெள்ளைக்காரன் இருப்பான். அன்று இருந்த வெள்ளைக்காரன் தன் வீட்டு முற்றத்தில் பென்னாம்பெரிய வாகனத்தின் பம்பரைக் கழற்றி, சுரண்டி, கறுப்பாய் எதையோ விசிறிக்கொண்டிருந்தான்.

"இது சாதாரண பெயிண்ட் இல்லை அப்பா. காய்ஞ்சா சொரசொரப்பாய் வரும். கல்லுத் தெறிச்சாலும் கழராது. உப்புக்காத்து அண்டாது. வீட்டிலயே அடிக்கலாம்."

பஸ்ரியன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "சுறாத்தோல் மாதிரிக் கிடக்கு."

"அதுதான். லொறிக்குச் சுறாத்தோல்."

அந்தச் சொல்லில் அவன் விழுந்துவிட்டான். கடற்காரனை மடக்க வேறென்ன வேணும்.

புதன்கிழமை றெனால்ட் பூச்சுத் தகரங்களையும், அதோடு கலக்கிற ஹாட்னர் போத்தலையும், விசிறுகிற கன் ஒன்றையும் கொண்டுவந்தான். காற்று அடிக்கிற கொம்பிறசரை ரயர்க் கடை அனோஜனிடம் இரவல் வாங்கினான். மீனைப் பஸ்ரியன் தன் தம்பியாரின் லொறியில் ஏற்றிவிட்டான். வளவின் பின்பக்கத்தில் வலை வைக்கிற கிடுகுக் கொட்டில் பட்டறையாக மாறியது. வாடைக் காற்று மணலோடு வருகிற காலம் என்பதால் நாலு பக்கமும் தறப்பாள் கட்டினோம். நாங்கள் என்றால் அவர்கள் கட்டினார்கள். நான் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு அபிப்பிராயம் சொன்னேன்.

வியாழக்கிழமை கழற்றுகிற வேலை. முன் பம்பர், இரண்டு படி, நாலு மட்காட், பின் கதவின் சட்டம். நட்டுகள் கறளில் ஊறி இரும்போடு இரும்பாய்ப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு, அரைமணி நேரம் விட்டு, சாவியால் நெம்பி, அதற்குப் பஸ்ரியன் வாயால் விட்ட தூஷண எண்ணெயையும் சேர்த்துத்தான் அவை கழன்றன. பிறகு கம்பித் தூரிகை, சாண்பேப்பர். கறள் தூள் பறந்து தகப்பனும் மகனும் மிளகாய்த்தூள் மூட்டைக்குள் விழுந்து எழும்பினவர்கள்போல் வந்து குந்தினார்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குத் தகரம் ஒட்டினார்கள்.

மத்தியானம் குரக்கன் புட்டும் நண்டுக்கறியும். நண்டின் காலை உடைத்துக்கொண்டே பஸ்ரியன் தகரத்தை என் பக்கம் தள்ளினான். "வாசியுங்கோ அண்ணை. ஒண்டும் விடாமல்."

கண்ணாடியைப் போட்டேன். எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தன. "மூண்டு பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹாட்னர். கலந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள அடிச்சு முடிக்க வேணும். மூக்குக்கு முகமூடி. பூசுற இடத்தில எண்ணெய், தூசி, உப்பு இருக்கக் கூடாது. நல்ல தண்ணியால கழுவிக் காயவிட வேணும்."

"உப்பெண்டு போட்டிருக்கோ?" என்றான் பஸ்ரியன். "பாருங்கோ, வெள்ளைக்காரனுக்கும் எங்கட கடற்காத்துத் தெரிஞ்சிருக்கு. றஞ்சிதம், கிணத்தில ரெண்டு வாளி அள்ளு. உப்புப் போகக் கழுவுவம்."

இந்தக் கிணற்றைப்பற்றி இப்போது சொல்ல வேண்டும். அது றஞ்சிதத்தின் தகப்பன் மனுவேல் தன் கையால் கிண்டியது. காணியோடு சேர்த்து றஞ்சிதத்துக்குச் சீதனமாக வந்தது. ஊரில் பைப் லைன் இழுத்தபோது எல்லா வீட்டுக்கும் மீற்றர் பூட்டினார்கள். றஞ்சிதம் மட்டும் வந்த பொடியனுக்குத் தேத்தண்ணி குடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டா. "எங்களிட்ட ஐயாவின்ர கிணறு இருக்கு. மருந்து மணக்கிற தண்ணி என்னத்துக்கு?" அந்தக் கிணற்றைப்பற்றி அவவுக்கு ஒரு பெருமை. "இண்டைக்கு வரைக்கும் ஒரு தவளை கண்டிருக்கிறியளே இந்தக் கிணத்தில? அவ்வளவு துப்புரவு."

"எனக்கு வந்த சீதனத்தில தவளைகூட இல்லை" என்பான் பஸ்ரியன்.

நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ஏன் தவளை இல்லை என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. கடலுக்குள்ளேயே பாதி வாழ்க்கை போகிறவர்களுக்கு, கரித்து வாய் எரியாததெல்லாம் நல்ல தண்ணிதான்.

ஆறு வாளி அள்ளிக் கழுவினோம். வெயிலில் சாக்கு விரித்துக் காயவைத்தோம். எனக்குத் தரப்பட்ட வேலை காவல். மன்னாரில் கழுதைகளுக்கு எந்த வளவும் சொந்த வளவுதான். நான் கதிரையைப் போட்டுப் பூவரசந் தடியோடு இருந்தேன். கண் அசந்தது உண்மை. முழித்தபோது ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் கழுதை, பள்ளிக்கூடப் பிள்ளை ஐஸ்பழம் சாப்பிடுவதுபோல் பம்பரை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரைக்கும் நக்கிக்கொண்டு நின்றது.

"சீ, போ."

அது என்னைப் பார்த்தது. நான் முக்கியமில்லை என்று தீர்மானித்துவிட்டு மட்காட்டுக்குப் போனது. தடியை ஓங்கிய பிறகுதான் நகர்ந்தது.

"இரும்பை நக்கிற கழுதையை இப்பதான் காணுறன்" என்றேன் றெனால்டிடம்.

"தேசத்துக்கே சாப்பாடு விலை கூடிப்போச்சு அங்கிள். அதுக்கு மட்டும் கூடாதோ?"

கீர்த்திகா தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் நின்றாள். கழுதை போன திசையைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். பிறகு தட்டை எங்களுக்கு நீட்டினாள். அவளுடைய கோப்பையில் வழமைபோல் அரைவாசி. அவள் எப்போதும் அப்படித்தான். நாலு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை வாழையடியில் ஊற்றிவிடுவாள். றஞ்சிதத்துக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. ஒருநாள் எனக்கு மட்டும் சொன்னா: "என்ர கையால ஊத்தினது அந்தப் பிள்ளைக்கு இறங்குதில்லை அண்ணை. மனசால இன்னும் வந்து சேரேல்லை. அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேந்திருக்கிறன்."

வெள்ளிக்கிழமை பனி காய்ந்ததும் தின்னர் போட்டுத் துடைத்து, பூச்சுப் படக்கூடாத இடத்துக்கு ரேப் ஒட்டி, றெனால்ட் கலந்தான். அளவுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, பாதிரியார் இரசம் வார்ப்பதுபோல் அளந்தான். எல்லோருக்கும் முகமூடி. பஸ்ரியன் தலைக்கும் ஒரு சீலைத் துண்டு கட்டியிருந்தான். வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவன் சாரத்தோடு புறப்பட்டதுபோல் இருந்தது. கொம்பிறசர் உறுமியது. கன் துப்பியது. கறுப்புத் தூறல் இரும்பில் விழுந்து பரு பருவாக நின்றது. ஒரு கை அடித்து, ஒரு மணித்தியாலம் பொறுத்து, இரண்டாம் கை.

பின்னேரம் தறப்பாளை விலக்கியபோது அந்த எட்டுச் சாமானும் வரிசையாக, அப்போதுதான் கடலிலிருந்து இழுத்துப் போட்ட சுறாக் குட்டிகள்போல் கிடந்தன. பஸ்ரியன் தொட விரலை நீட்டி, தொடாமல் மடக்கினான்.

"ஞாயிற்றுக்கிழமை பூட்டலாம். அடுத்த ஞாயிறுக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கு" என்றான். "அந்த மனிசன் இதில கையை வைச்சுப் பாக்க வேணும்."

ஞாயிறு பூட்டவில்லை, இன்னும் இறுகட்டும் என்று றெனால்ட் சொல்லிவிட்டான். இரவில் நல்ல பனி. திங்கட்கிழமை விடிய நான் தேத்தண்ணிக்கு வரும்போது முற்றத்தில் எல்லோரும் பம்பரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

பம்பர் முழுக்க உப்பி எழும்பிய பொக்களம். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளையின் முதுகுபோல். றெனால்ட் ஒன்றை நகத்தால் கிள்ளினான். பொக்களத்தோடு ஒரு சாண் பூச்சு உரிந்து, பாம்புச் செட்டைபோல் கையில் வந்தது.

"மூண்டுக்கு ஒண்டுதான் கலந்தனீயோ?" என்றான் பஸ்ரியன்.

"ஓம் அப்பா."

பஸ்ரியன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் வாசிச்சது..."

நான் தகரத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தை ஏமாற்றலாம்; ஒரு தகரத்தை ஏமாற்ற ஏலாது. வாசித்ததில் பிழையில்லை. பிழையில்லை என்பதே எனக்கு நம்பக் கஷ்டமாயிருந்தது.

"கண்ணூறு" என்றா றஞ்சிதம். "றோட்டால போனதெல்லாம் எட்டிப் பாத்ததுகள்."

பஸ்ரியன் படிக்கட்டில் குந்திவிட்டான். "போன் எடுத்து லொறி பழுதெண்டு சொல்லுவம்" என்றான். "இப்பிடிக் கொண்டுபோறதைவிடப் போகாமல் விடலாம்."

"நீங்கள் போகாட்டி அப்பா ரெண்டாந்தரம் கேக்கமாட்டார் மாமா" என்றாள் கீர்த்திகா. அவ்வளவுதான் சொன்னாள், சொன்ன குரல் எங்களை அவளுடைய முகத்தைப் பார்க்கவிடவில்லை.

பிறகு அவள் பம்பருக்குக் கிட்டப் போய்க் குந்தினாள். உரிந்த இடத்தில் விரலை ஒத்தினாள். விரலை நாக்கில் வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் நான் பார்த்ததைக் கண்டுவிட்டாள். கொஞ்ச நேரம் மண்ணைக் கிண்டினாள்.

"கிளாக்கர் அங்கிள், உங்கட வீட்டில பைப் தண்ணி வருதெல்லோ?"

"வருது. என்னத்துக்குப் பிள்ளை?"

அவள் எழும்பி மாமியைப் பார்த்து நின்றாள். "மாமி, கோவிக்காதேங்கோ. பூச்சிலயும் பிழையில்லை, கண்ணூறும் இல்லை. கழுவின தண்ணி உப்பு. அது காய்ஞ்சு இரும்பில நிண்டிட்டுது. அதுக்கு மேலதான் அடிச்சிருக்கு. பனி பட அது ஊறிக் கிளம்பிட்டுது."

"எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி மாமி."

கொட்டிலுக்குள் வாடைக் காற்று வந்து தறப்பாளை ஒருதரம் தட்டிவிட்டுப் போனது.

"ஐயாவின்ர கிணறோ?" என்றா றஞ்சிதம்.

"தின்னர் எண்ணெயைத்தான் எடுக்கும். உப்பை எடுக்காது. அண்டைக்குக் கழுதை வந்து நக்கினதெல்லோ. மாடெண்டாலும் கழுதையெண்டாலும் உப்புக் கிடந்தாத்தான் நக்கும். எங்கட வீட்டில மாட்டுக்கு உப்புக்கட்டி கட்டுறனாங்கள். எனக்கு அண்டைக்கே விளங்கினது. சொல்லத்தான் பயமாக் கிடந்தது."

றஞ்சிதம் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளினா. சிரட்டையால் கோலி ஒரு மிடறு குடித்தா. எங்கள் மூன்று பேருக்கும் நீட்டினா. பஸ்ரியன் குடித்தான். றெனால்ட் குடித்தான். நான் குடித்தேன்.

"நல்ல தண்ணி" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில், கோயிலில் ஆமென் சொல்வதுபோல்.

கீர்த்திகா வாதாடவில்லை. பூச்சுத் தகரத்தின் கறுப்பு மூடியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள். கிணற்றுத் தண்ணியில் ஒரு சொட்டு விட்டாள். என்னை என் வீட்டுக்குக் கலைத்து ஒரு போத்தல் பைப் தண்ணி எடுப்பித்து, பக்கத்தில் அதிலும் ஒரு சொட்டு விட்டாள். ஐந்து பேரும் மூடியைச் சுற்றிக் குந்தினோம். பைப் சொட்டு காய்ந்தது, இடம் தெரியவில்லை. கிணற்றுச் சொட்டு காய்ந்து, வெள்ளை வளையம் ஒன்றை விட்டது. கறுப்பில் வெள்ளை. சுண்ணாம்பால் கீறினதுபோல்.

றஞ்சிதம் அந்த வளையத்தைக் கனநேரம் பார்த்தா. விரலால் அழித்தா. நாக்கில் வைத்தா. இந்தமுறை முகம் மாறியது.

"அப்ப எட்டு மாசமா நீ தேத்தண்ணியை அரைவாசியோட வைக்கிறது?"

"குடிக்க ஏலாமல்தான் மாமி."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"உங்கட ஐயா கிண்டின கிணறெண்டு வந்த அண்டைக்கே சொன்னீங்கள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

றஞ்சிதம் சிரித்தாவா அழுதாவா என்று என்னால் சொல்ல ஏலாது. இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரித்தான் குலுங்கும். "அந்தோனியாருக்கு நான் ஏழு செவ்வாய் போட்டன்" என்றா. "அந்த மனிசனும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை." பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. "றெனால்ட், பீப்பாவை எடு. கிளாக்கரின்ர பைப்பில பிடி. சுரண்டு திரும்ப எல்லாத்தையும்."

இரண்டாந்தரம் சுரண்டுவது முதல் தரத்தைவிடக் கஷ்டம். ஒட்டவேண்டிய நேரத்தில் ஒட்டாத பூச்சு, உரிக்கவேண்டிய நேரத்தில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கச்சேரியில் இருந்த சில அதிகாரிகள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்கள். நானும் சாண்பேப்பர் பிடித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் என் கையில் வந்த பொக்களம் பம்பரில் வந்ததைவிடப் பெரிது. என் வீட்டுக் கிணற்றடியிலிருந்து, மன்னிக்கவும், பைப்படியிலிருந்து பஸ்ரியன் வீடுவரைக்கும் தண்ணி பீப்பா உருண்ட தடம் மணலில் றோட்டுப்போல் கிடந்தது. புதன்கிழமை கடைசித் தண்ணியை றஞ்சிதமே நின்று ஊற்றினா. குழந்தைக்கு வார்க்கிறமாதிரி, மூலை முடுக்கெல்லாம்.

காய்ந்ததும் பஸ்ரியன் பம்பரை மோந்து பார்த்தான். நக்கப் போனான், றஞ்சிதம் பிடரியில் ஒன்று போட்டா. "உங்கட நாக்கை ஆர் நம்புறது? நாப்பது வருசமா உப்பைக் குடிச்ச நாக்கு."

"அப்ப ஆரின்ர நாக்கை நம்புறது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் அவர்கள் கேட்டது கழுதையை.

கச்சேரியில் எத்தனையோ பேரைக் கூட்டி வந்திருக்கிறேன்; மந்திரியைக்கூட ஒருதரம் மாலையோடு. அந்தப் பெட்டைக் கழுதையைத் தேடிப்பிடித்து வாழைப்பழத் தோல் காட்டி அழைத்துவர எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வழியெல்லாம் சனம் கேட்டது. "பரிசோதனைக்கு ஆளைக் கூட்டிப் போறன்" என்றேன். பொய்யில்லை.

கழுதை வளவுக்குள் வந்தது. நாங்கள் தறப்பாளுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றோம். அது பம்பரை மணந்தது. நாக்கை வெளியே எடுத்தது. ஒரு தடவை, நுனியில் மட்டும் வைத்துப் பார்த்தது. பிறகு, போன கிழமை ருசியாய்ச் சாப்பிட்ட கடையில் இன்றைக்குச் சமையல்காரன் மாறிவிட்டான் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது.

"பாஸ்" என்றான் றெனால்ட் மெதுவாக.

நக்கின நுனியை மறுபடி கழுவித் துடைத்து, வியாழன் அடித்தார்கள். வெள்ளி பனியில் வைத்தார்கள், வேணுமென்றே. சனி விடிய பஸ்ரியன் ரோச் லைட்டோடு குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். ஒரு பொக்களம் இல்லை. நகத்தால் கிள்ளினான். நகம் உடைந்தது. உடைந்த நகத்தைப் பவுண் கண்டெடுத்தவன்போல் எங்களுக்கு நீட்டிக் காட்டினான்.

ஞாயிறு முதற் பூசை முடிய லொறி புறப்பட்டது. மீன் மணம் போகச் சுண்ணாம்பும் புளித் தேசிக்காயும் போட்டுப் பெட்டியைத் தேய்த்திருந்தார்கள். இப்போது தேசிக்காய் போட்ட மீன் மணந்தது. றெனால்ட் ஓட்ட, பெண்கள் இருவரும் முன்னால். நானும் பஸ்ரியனும் பின்பெட்டியில் கதிரை போட்டு இருந்தோம். பாலம் தாண்ட, கடல் போய் வயல் வந்தது. அறுத்த தாளடி மஞ்சளாய்க் கிடந்தது. கொக்குகள் இறங்கி மேய்ந்தன. பஸ்ரியன் வழி முழுக்க ஒரு கேள்விதான் கேட்டான்: "அண்ணை, கண்ணுக்கு நல்லாக் கிடக்கோ?"

சீவரத்தினம் படலையடியில் நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். நெற்றியில் திருநீறு. வெள்ளை வேட்டி புதுசு, மடிப்பு கலையவில்லை. கீர்த்திகா இறங்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க ஏலவில்லை என்பது எனக்கு விளங்கியது. பார்க்கிறதுக்கு வேறொன்று தேவைப்பட்டது. நேரே வந்து பம்பரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"பலாக்காய்த் தோல் மாதிரிக் கிடக்கு" என்றார்.

"நாங்களே வீட்டில அடிச்சது" என்றான் பஸ்ரியன். "ரெண்டுதரம் அடிச்சது."

"நெல்லு ஏத்த வாற லொறிக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்?"

"முதல்முதல் வாறம். அதுதான்." பஸ்ரியன் சுற்றிப் பார்த்தான். "நெல்லு எங்கை? மழைக்கு முன்னம் ஏத்துவம்."

சீவரத்தினம் பம்பரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது வெள்ளிக்கிழமையே மில்லுக்குப் போட்டுது. மச்சானின்ர ட்றக்டரில."

"அப்ப லொறி?"

"வாங்கோ எண்டு வாயால கேக்க எனக்கு வரேல்லை. லொறி எண்டா கேக்க வந்தது" என்றார் பம்பரைப் பார்த்தபடி. அதன் பிறகுதான் மகளின் பக்கம் திரும்பினார். "மெலிஞ்சு போனாய்" என்றார். அவள் "தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை அப்பா" என்று சொல்லி அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுடைய கண்ணீர் புது வேட்டிவரைக்கும் வழிந்தது.

உள்ளே பாயும் கதிரையும். சிவலட்சுமி ஓடி ஓடித் தேத்தண்ணி கொண்டுவந்தா. குளத்தடிக் கிணற்றுத் தண்ணி, சொந்த மாட்டுப் பால். கீர்த்திகா ஒரே மூச்சில் ஒரு கோப்பை குடித்து, இரண்டாவதையும் நீட்டினாள். எட்டு மாதத்து அரைவாசிகளையெல்லாம் அன்றைக்கே குடித்துவிடுகிறவள்போல்.

நாங்கள் தீவுக்காரர் நாலு பேரும் ஒரு மிடறு குடித்தோம். கோப்பைக்குள் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். நல்ல பால், நல்ல சாயம், போதுமான சீனி. ஆனால் ஏதோ ஒன்று இல்லை. ஏதோ ஒன்று அறவே இல்லை. பஸ்ரியன் அரைக் கோப்பையோடு கதிரையின் கீழே வைத்துவிட்டான். நான் வாழையடி எங்கே என்று கண்ணால் தேடினேன்.

சிவலட்சுமி கண்டுவிட்டா. "என்ன சம்பந்தி, வைச்சிட்டியள்? சீனி காணாதோ?"

றஞ்சிதம் மருமகளைப் பார்த்தா. கீர்த்திகா கோப்பையின் விளிம்புக்கு மேலாக மாமியைப் பார்த்தாள். நான் பயந்துவிட்டேன். மனுசி இப்போது மரியாதைக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால், அடுத்த எட்டு மாதம் இங்கிருந்து தொடங்கும்.

"இல்லைச் சம்பந்தி" என்றா றஞ்சிதம். "உப்புக் காணாது."

கீர்த்திகாவின் மூக்கால் தேத்தண்ணி வந்துவிட்டது. சீவரத்தினம் திகைத்துப்போய்ப் பார்க்க, அவள் சிரிப்புக்கும் இருமலுக்கும் நடுவில் கிணறு, கழுதை, பொக்களம், அந்தோனியார் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னாள். அந்த மனிதர் முதலில் வாயை மூடிச் சிரித்தார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். கடைசியில் எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து றஞ்சிதத்தின் முன்னால் வைத்தார்.

வெறும் லொறியைத் திருப்பி அனுப்பக் கூடாதாம். வரும்போது அதில் மில்லிலிருந்து வந்த ஐந்து மூட்டை அரிசியும், இரண்டு பீப்பா கிணற்றுத் தண்ணியும் நின்றன. மாதம் ஒருக்கால் பீப்பா காலியானதும் கொண்டுவரட்டாம். லொறிக்குத்தான் ஒரு காரணம் வேணுமே.

இப்போது றஞ்சிதத்தின் அடுப்பில் இரண்டு கேத்தல். ஒன்று கீர்த்திகாவுக்கு. மற்றது எங்களுக்கு, மனுவேல் கிணற்றுத் தண்ணியில். பம்பர் ஒரு பொக்களமும் இல்லாமல் கறுப்பாய் நிற்கிறது. அந்தப் பெட்டைக் கழுதை இடைக்கிடை வரும். பம்பரை ஒருதரம் மணக்கும், தலையை ஆட்டும், பிறகு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கும். நான் கோப்பையின் அடியில் கொஞ்சம் விட்டுக் குடுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு.